ரைட் கார்னரில் நின்ற அண்ணன்

(திருப்பூரில் கபடி ரசிகர்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கிறவர்கள் பாதிப்பேர் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வீட்டில் என்ன சொல்லிச் சமாளிப்பீர்களோ, அது உங்கள் பாடு. நான் சீக்கிரம் முடித்துவிடுகிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

கபடியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். மணத்தி கணேசனைப் பற்றிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். 1994-ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம், அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது, 2025-ல் அவர் வாழ்க்கையைத் தழுவி ‘பைசன்’ படம். அவர் பெயர் இன்றைக்கு ஊரறிந்த பெயர். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் ஆள் வேறு. படம் எடுக்க வசதிப்படாத ஆள். ‘கபடி, கபடி’ என்று பாடிக்கொண்டு போகிறவனை வைத்துப் படம் எடுத்துவிடலாம். மூலையில் குனிந்து நின்று காத்திருக்கிறவனை வைத்து எப்படி எடுப்பது?

தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டம், கல்லணைப் பக்கம் திருச்சனம்பூண்டி. 1975 ஏப்ரல் 21-ல் பிறந்தவர். ஆடிய இடம் ரைட் கார்னர். வடக்கே ஹரியானாப் பையன்களும், இந்தி வர்ணனையாளர்களும்கூட அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டார்கள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவனும் அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொண்டான்.

கார்னர் என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனாலும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் நாம் எல்லோரும் பார்த்தும் பார்க்காத இடம் அது. ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன். அதிலிருந்து இன்னும் ஒரு மீட்டர் தள்ளிப் போனஸ் கோடு. போனஸ் கோட்டுக்கும் பின்கோட்டுக்கும் நடுவே மிச்சமிருப்பது 1.75 மீட்டர். ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். கார்னரின் வாழ்க்கை முழுக்க அந்த இடுக்கில்தான். பின்னால் ஒரு அடி போனால் கோட்டுக்கு வெளியே. முன்னால் ஒரு அடி அவசரப்பட்டால் ரைடருக்கு ஒரு பாயிண்ட் தானம்.

ரைடர் உள்ளே வருகிறான். 30 நொடி. எதிரே ஆறு பேரோ ஏழு பேரோ இருந்தால் அவனுக்குப் போனஸ் ஆசை வரும். ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அந்தப்பக்கம் ஊன்ற வேண்டும், மறுகால் காற்றில் இருக்க வேண்டும். அந்த ஒரு கணம் அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். கணுக்காலைப் பிடிக்கிறவனுக்குக் கிடைக்கிற நேரமே அவ்வளவுதான். கண் சிமிட்டினால் போயிற்று. நம் பக்கத்துத் தம்பிகள் தப்பு செய்கிற இடமும் அதுதான். ரைடர் காலைத் தூக்குவதற்கு முன்பே பாய்ந்துவிடுவார்கள். வர்ணனையில் ‘அட்வான்ஸ் போயிட்டான்’ என்று மைக்கில் கத்துவார்களே, அது. ரைடர் வேண்டுமென்றே காலை ஆட்டி ஆசை காட்டுவான். கார்னர் ஏமாந்து விழுவான். அவன் முதுகில் கையை வைத்துத் தட்டிவிட்டு ரைடர் நடந்தே திரும்பிப் போவான்.

சேரலாதன் அட்வான்ஸ் போனதை நான் பார்த்ததே இல்லை என்று சொன்னால் அது ரசிகனின் மிகை. பார்த்திருக்கிறேன். ஆனால் அபூர்வம். ரைடரின் கண்ணையோ கையையோ அவர் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி தெரியவே தெரியாது. இடுப்பைப் பார்ப்பார். கை பொய் சொல்லும், கால் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. பிடித்தால் கணுக்கால், இல்லையென்றால் ரைடர் திரும்புகிற நேரத்தில் பின்னாலிருந்து இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பேக் ஹோல்டு. பிடித்த பிறகு அவர் செய்வது ஒன்றுமில்லை. எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, திரும்ப அந்த இடுக்குக்கே போய் நின்றுகொள்வார். தொடையைத் தட்டுவது, நெஞ்சை நிமிர்த்துவது, கேமராவைப் பார்ப்பது எல்லாம் மற்றவர்கள் பங்கு.

இப்போது ஒரு கணக்கு கேட்கிறேன். ரைடர் வந்தான், போனஸுக்குப் பார்த்தான், ரைட் கார்னரில் யார் நிற்கிறார் என்று பார்த்தான், வேண்டாமென்று திரும்பிப் போய்விட்டான். எம்ப்டி ரெய்டு. ஸ்கோர் ஷீட்டில் யார் பெயருக்கு நேரே என்ன எழுதுவோம்? ஒன்றும் எழுத மாட்டோம். ஒரு மேட்ச்சில் இப்படி எத்தனை முறை நடக்கிறது! பிடித்ததைக் கூட்டிக் கழித்து ‘டேக்கிள் பாயிண்ட் இத்தனை’ என்று போடுகிறோம். பிடிக்காமலே விரட்டியதற்குக் கணக்கே இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிற அக்காக்களைக் கேளுங்கள், இது அவர்களுக்குச் சட்டென்று புரியும். டேமேஜ் பீஸ் ஒன்று பெட்டிக்குள் போய்விட்டால் அவர்கள் பெயர் கம்பெனி முழுக்க அடிபடும். போகாமல் தடுத்த ஆயிரம் பீஸைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

புரோ கபடி லீக் வந்தபோது ஒரு நல்ல காரியம் நடந்தது. இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவது ரெய்டில் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ரைடர் அவுட். ‘டூ ஆர் டை’. இதைத் தொலைக்காட்சிக்காகச் செய்த ஜிகினா என்று பழைய ஆட்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காத்திருந்த கார்னருக்குக் கூலி கொடுத்த விதி அது. முதல் இரண்டு ரெய்டில் பொறுமையாக நின்றதற்கு மூன்றாவதில் பலன். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ களத்தில் இருக்கும்போது பிடித்தால் இரண்டு பாயிண்ட் என்கிற சூப்பர் டேக்கிளும் அப்படித்தான்.

உலகத்தில் வேறெங்காவது இந்தக் கணக்கை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பார்த்தால், ஆஸ்திரேலியாக்காரர்கள் போடுகிறார்கள். கிரிக்கெட்டில் இல்லை, அவர்களுடைய சொந்தக் கால்பந்தில். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து என்று பெயர். முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், ஒரு பக்கத்துக்கு 18 பேர். உடுப்பு என்னவென்று கேட்டால் உங்களுக்குப் பிடிக்கும்: கையில்லாத பனியன்.

அந்த ஆட்டத்தில் எதிரணியின் கோல் அடிக்கிற ஆள் உயரத்தில் வரும் பந்தைப் பிடிக்கத் தாவும்போது, தடுப்பாட்டக்காரன் பின்னாலிருந்து எழும்பி முஷ்டியால் பந்தைத் தட்டிவிடுவான். பந்து அவனுக்கும் கிடைக்காது. பிடிபடவில்லை, அவ்வளவுதான். இதை அவர்கள் எண்ணுகிறார்கள். உதையை மேலே விழுந்து மறிப்பது, கூட ஓடுகிற தோழனுக்காக எதிராளியை உடம்பால் ஒதுக்கிவிடுவது, எல்லாவற்றையும் ‘ஒரு சதவீத வேலைகள்’ என்று தனிப் பத்தியில் போட்டு, ஆட்டக்காரன் பெயருக்கு நேரே எண்ணிக்கை எழுதுகிறார்கள். கார்ல்டன் என்ற மெல்போர்ன் அணியில் ஸ்டீபன் சில்வாக்னி என்று ஒருவர் இருந்தார். 1985 முதல் 2001 வரை 312 ஆட்டம், எல்லாம் ஒரே அணிக்கு. நின்ற இடம் ஃபுல்பேக், அதாவது கோலுக்கு நேர் முன்னால், கடைசி ஆள். 1996-ல் அந்த லீக்கின் நூறாண்டை ஒட்டி ‘நூற்றாண்டின் அணி’யை அறிவித்தபோது ஃபுல்பேக் இடத்தை அவருக்குக் கொடுத்தார்கள். அப்போது அவர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்! அவருடைய அப்பா செர்ஜியோவும் கார்ல்டன், மகன் ஜேக்கும் கார்ல்டனில் ஆடினார். அந்த ஊர் ரசிகர்கள் சில்வாக்னியைப் பற்றிப் பேசும்போது ‘எந்த முன்வரிசை ஆளை எந்த வருஷம் ஒரு கோலும் அடிக்கவிடாமல் கட்டிப்போட்டார்’ என்று பேசுகிறார்கள். எழுதி வைத்திருப்பதால் பேச முடிகிறது.

2024 டிசம்பர் 28-ல் மெல்போர்னில் ஜான் கெய்ன் அரங்கத்தில் நம் புரோ கபடிக்காரர்கள் காட்சி ஆட்டம் ஆடினார்களே, எதிரே நின்ற ஆஸ்திரேலிய அணியில் பழைய கால்பந்துக்காரர்களைத்தான் இறக்கியிருந்தார்கள். ஏன் என்று யோசித்தால் காரணம் தெரியும். ஓடி வருகிறவனை மோதி நிறுத்தத் தெரிந்தவர்கள் அவர்கள். நம் ஆட்கள்தான் ஜெயித்தார்கள். உடம்பு பலம் இருந்தாலும் நொடி பார்த்துப் பிடிக்கிற வித்தை ஒரு மாதப் பயிற்சியில் வந்துவிடாது.

சேரலாதனுக்கு வருகிறேன். 2014 ஜூலை 26-ல் புரோ கபடி தொடங்கியபோது அவருக்கு வயது 39. பெங்களூரு புல்ஸ் எடுத்தது. 2016-ல் நான்காவது சீசன். பாட்னா பைரேட்ஸ் அவரைக் கேப்டன் ஆக்கியது. அந்த அணியில் ரெய்டுக்குப் போனவன் பர்தீப் நர்வால், வயது 19. கேப்டனுக்கு 41. ஜூலை 31, ஹைதராபாத்தில் இறுதி ஆட்டம், ஜெய்ப்பூருக்கு எதிராக 37-29. கோப்பை பாட்னாவுக்கு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த வருஷம் தமிழ்நாட்டுக்கு அந்த லீக்கில் அணியே கிடையாது. தமிழ் தலைவாஸ் வந்தது 2017-ல். தமிழனுக்கு அணி இல்லாத வருஷத்தில் தமிழன் ஒருவன் கேப்டனாக நின்று பீகார் ஊர்ப் பெயருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தான். இங்கே நம் கம்பெனிகளில் பீகார் தம்பிகள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்! அவர்கள் தங்கியிருக்கும் அறைகளில் அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் தஞ்சாவூர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே அணிக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு காரணத்துக்காக. மறுநாள் டீக்கடையில் ஒரு பாட்னாப் பையன் ‘உங்க அண்ணா, எங்க கேப்டன்’ என்று சொல்லி, பவர் டேபிளில் தையல் வேலை பார்க்கும் பாபநாசத்துக்காரர் ஒருவருக்கு டீ வாங்கிக் கொடுத்ததை நான் பார்த்தேன். வடக்கத்திக்காரன் தெற்கத்திக்காரன் என்று இந்த ஊரில் எத்தனையோ பேசுகிறோம். அன்றைக்கு அந்தக் கடையில் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

அதே வருஷம் அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. அனுப் குமார் தலைமையிலான 14 பேர் அணியில் சேரலாதனும் இருந்தார். முதல் ஆட்டத்திலேயே கொரியாவிடம் 32-34 என்று தோற்று நாடே திகைத்தது. கடைசியில் அக்டோபர் 22-ல் ஈரானை 38-29 என்று வென்றார்கள். பிறகு 2018 புரோ கபடியில் யு மும்பா அணி. என்னைக் கேட்டால் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியது அந்த சீசன்தான். லெஃப்ட் கார்னரில் ஈரான்காரர் ஃபசல் அத்ராச்சலி, அவர்தான் கேப்டன். ரைட் கார்னரில் நம் அண்ணன். இரண்டு பேருக்கும் 17 வயது வித்தியாசம். பேசுகிற மொழி வேறு. ஒருவர் கணுக்காலைப் பிடித்த அதே நொடியில் மற்றவர் எதிர்மூலையிலிருந்து வந்து ரைடர் நடுக்கோட்டைத் தொடும் வழியை அடைத்திருப்பார். பேசி வைத்துக்கொண்டு செய்கிற காரியம் அது அல்ல. 2019-ல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அவரைக் கேப்டன் ஆக்கியது, 44 வயதில். கபடிக்குப் பேர்போன ஹரியானா, தன் அணிக்குத் தலைமை தாங்கத் திருச்சனம்பூண்டிக்காரரைக் கூப்பிட்டது.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அந்த ஆறு வருஷமும் மைக்கைப் பிடித்தவர்கள் எல்லோரும் அவர் வயதைப் பற்றியே பேசினார்கள். ‘நாற்பது வயதில்!’ ‘நாற்பத்துநான்கு வயதில்!’ ஏதோ கண்காட்சிப் பொருள் மாதிரி. வயதைச் சொன்னதும் ஆட்டத்தை விளக்கும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் நின்ற இடத்தைச் சொல்லவில்லை, கவருக்கு நிற்கும் பையனைக் கண்ணாலேயே அரை அடி நகர்த்தியதைச் சொல்லவில்லை. இளைஞனைவிட மெதுவாக ஓடியும் முன்னால் போய்ச் சேர்ந்தது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. வயது அவருடைய சாதனை அல்லங்க. அந்த வயது வரை அணிகளுக்கு வேண்டியிருந்தது அவருடைய மூளை.

அதைவிடப் பெரிய ஆதங்கம் ஒன்று இருக்கிறது. இன்று நான் இங்கே வந்து நிற்பதே அதைச் சொல்லத்தான். தொலைக்காட்சியில் நாம் பார்த்த சேரலாதன் 39 வயதுக்கு மேற்பட்டவர். பத்தொன்பது வயதுச் சேரலாதன் எங்கே? இருபத்தைந்து, முப்பது வயதுச் சேரலாதன் எங்கே? எனக்குத் தெரிந்து எந்த ஒளிப்பதிவிலும் இல்லை. அந்த இருபது வருஷ ஆட்டம் தஞ்சாவூர்ப் பக்கத்து மண் தரைகளிலும், மின்னொளிக் கபடிப் போட்டிகளிலும், மாநில, தேசியப் போட்டிகளிலும் நடந்து, பார்த்தவர்கள் கண்ணோடு போய்விட்டது. புயல் வேகத்தில் பாய்ந்த கால் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி அந்த மண்ணைச் சுற்றிக் கயிறு கட்டிய இடத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்த ஜனங்கள் மட்டுமே. அந்த ஜனங்களில் பலர் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள்? இங்கேதான். இந்த மண்டபத்தில். பதினைந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் பஸ் ஏறித் திருப்பூர் வந்து கைமடிக்கச் சேர்ந்து, இப்போது டெய்லராகவும் கட்டிங் மாஸ்டராகவும் இருக்கிறவர்கள்.

உங்களில் ஒருவர் போன மாதம் என்னிடம் ஒரு பிடியைப் பற்றிச் சொன்னார். திருவையாறு பக்கம் ஒரு திருவிழா ஆட்டம். மழை பெய்து தரை வழுக்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் குதிகாலை ஊன்றி நின்றார்களாம்; சேரலாதன் மட்டும் காலைச் சற்று அகட்டிக் கட்டைவிரலை மண்ணில் குத்தி நின்றாராம். ரைடர் வழுக்கிய நொடியில் போய் எடுத்தார், தான் வழுக்கவில்லை. அந்த மனிதர் இதைச் சொல்லும்போது கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரலை ஊன்றிக் காட்டினார். ‘எந்த வருஷங்க?’ என்று கேட்டேன். யோசித்தார். ‘எங்க அக்கா கல்யாணத்துக்கு முந்தி’ என்றார். எதிரணி எது? தெரியவில்லை. பிடிபட்ட ரைடர் யார்? தெரியவில்லை. கால்விரல் ஞாபகம் இருக்கிறது, வருஷம் ஞாபகம் இல்லை. நான் குறை சொல்லவில்லை. கால்விரலைப் பார்த்தவர்தான் உண்மையான ரசிகர். வருஷத்தை எப்படியாவது கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

சேரலாதனுக்கு மட்டும் நடந்ததாக நினைக்க வேண்டாம். அவரோடு கவரில் நின்று, ஒருநாளும் தொலைக்காட்சியில் வராமலே ஓய்ந்துபோன பிடியாட்கள் எத்தனை பேர்! கொங்குப் பக்கத்திலும் உண்டு. அவிநாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் ‘எங்க ஊர்ல ஒரு கார்னர் இருந்தாப்ல’ என்று ஆரம்பிக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். அவர் சொல்லும் ஆள் இப்போது தறி ஓட்டிக்கொண்டிருப்பார், அல்லது தோட்டத்தில் மாடு கட்டிக்கொண்டிருப்பார். முழங்கால் மடங்காது. கபடி நம் மாநில விளையாட்டு. அதன் தடுப்பாட்ட வரலாறு இப்படி மடங்காத முழங்கால்களில் இருக்கிறது, எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இப்போது நம் ஊர்ப் போட்டிகளில் என்ன நடக்கிறது பாருங்கள். மேட் வாடகைக்கு எடுக்கிறோம். ஃபோகஸ் லைட், மைக் செட், ஃபிளெக்ஸ் எல்லாம் உண்டு. ஜெர்ஸிக்குப் பஞ்சமே இல்லை, நம்மிடம் இல்லாத ஜெர்ஸியா! சப்ளிமேஷன் பிரிண்டில் முன்பக்கம் அணியின் பெயர், முதுகில் ஸ்பான்சர் கம்பெனியின் பெயர். ஸ்கோரர் ஒரு பேப்பரில் கோடு போட்டு அழகாகக் கணக்கு எழுதுகிறார். விடியற்காலை நாலு மணிக்குப் பரிசு கொடுத்து முடித்ததும் அந்தப் பேப்பரில்தான் யாரோ பஜ்ஜியைச் சுற்றி எடுத்துப் போகிறார்கள். ஒரு லட்சம் செலவு பண்ணி நடத்தின போட்டிக்கு மறுநாள் சாட்சி எண்ணெய்க் கறை.

போட்டி நடத்துகிறவர்களும் ஸ்கோரர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பேப்பரைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். தேதியும் ஊரும் அதில் இருக்கட்டும். டேக்கிள் பாயிண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள், எந்தக் கார்னரைப் பார்த்து ரைடர் வெறுங்கையோடு திரும்பினான் என்று ஒரு கோடு இழுக்க. ஒவ்வொரு கோடும் சரியாக இருக்க வேண்டும் என்றில்லை. ஆஸ்திரேலியாக்காரனும் முதல் நாளே சரியாக எண்ணியிருக்க மாட்டான். தஞ்சாவூர், திருவாரூர், திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் வாசலில் வைத்திருக்கும் நோட்டில் நீங்கள் நேரில் பார்த்த சேரலாதனின் ஒரே ஒரு பிடியை எழுதிவிட்டுப் போங்கள். ஊர், தோராயமான வருஷம், எதிரணி, கூட நின்றவர் யார் என்பது. எழுத வராதவர்கள் சொன்னால் எழுதிக்கொள்ள இரண்டு தம்பிகள் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம், ராத்திரி பத்து மணி வரை இருப்பார்கள்.